சயாமுக்குப் போனவர்கள்

புரட்டாசி மாதத்து அமாவாசைக்கு மகாளய அமாவாசை என்று பெயர். இறந்த திதி தெரிந்தவர்களுக்கு ஆண்டுதோறும் அந்தத் திதியிலே திவசம் நடந்துவிடும். திதி தெரியாதவர்கள், போன இடம் தெரியாதவர்கள், நீரிலும் நெருப்பிலும் வழிநடையிலும் மாண்டவர்கள், கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லாதவர்கள் ஆகியோருக்கெல்லாம் இந்த ஒரு நாளை நம் முன்னோர் ஒதுக்கி வைத்தார்கள். நான் சிறுவனாக இருந்த காலத்தில், எங்கள் பாட்டனார் சித்தூரில் சோகநாசினி ஆற்றில் முழங்காலளவு நீரில் நின்றுகொண்டு, தம் தந்தை, பாட்டன், முப்பாட்டன் பெயர்களைச் சொல்லி எள்ளும் நீரும் விடுவார். பிறகு சற்றே நிறுத்துவார். நிறுத்திவிட்டு நான்காவதாக ஒரு கை நீர் விடுவார். அந்த நீருக்கு மட்டும் பெயர் இல்லை. "சயாமுக்குப் போனவர்" என்று மெல்லச் சொல்லுவார், கரையேறிவிடுவார்.

அவர் யார் என்பது எனக்கு நெடுநாள் கழித்தே விளங்கிற்று. எங்கள் பூர்வீகம் உத்தமபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூர். அவ்வூரில் பிறந்த சகோதரர் இருவரில் மூத்தவர் 1936-ஆம் ஆண்டு ஒரு கங்காணியின் பேச்சை நம்பி நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மலாய் நாட்டில் பேராக் பகுதியிலுள்ள ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குப் போனார். இளையவர், அதாவது என் பாட்டனார், வேறொரு கங்காணியின் பின்னால் கூடலூர் வழியாக மலையேறி, குமுளியைத் தாண்டிப் பீருமேட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். இருவரும் வாங்கிய முன்பணம் ஏறக்குறைய ஒன்றே. இருவரும் குடியேறிய லயமும் ஒரே மாதிரியானதே. ஒருவர் மலை ஏறினார், மற்றவர் கடல் தாண்டினார் என்பதொன்றே வேற்றுமை. தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை ஆகிய மலைப் பகுதிகளில் இன்று வாழும் தமிழ்க் குடும்பங்களில் இத்தகைய கதை இல்லாத குடும்பம் குறைவாகத்தான் இருக்கும். பஞ்சத்துக்குத் தப்பிய ஒரு வீட்டார் இலங்கைக்கும், மலேயாவுக்கும், மேற்கு மலைக்குமாகப் பிரிந்து போனதை அந்நாளில் எவரும் அதிசயமாகக் கருதவில்லை.

1938-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் மலேயாவுக்குத் தொழிலாளரை அனுப்புவதைத் தடை செய்தது. ஆனால் போனவர்கள் போனவர்களே. மூத்தவரிடமிருந்து கடிதமும் அவ்வப்போது மணியார்டரும் வந்துகொண்டிருந்தன. 1941-ஆம் ஆண்டின் கடைசியில் அவை நின்றன. 1946-இல் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் திரும்பி வந்து, "அண்ணனை 43-இல் லாரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள்" என்று சொன்னார். அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை.

நேயர்களே, அந்தச் சயாம் என்னவென்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் நம் பள்ளிப் பாடங்களில் அது பெரும்பாலும் இடம் பெறுவதில்லை.

1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மாவும் அவர்கள் கைக்குப் போயிற்று. பர்மாவிலிருந்த தங்கள் படைக்கு உணவும் தளவாடமும் அனுப்ப வேண்டுமானால், மலாய்த் தீபகற்பத்தைச் சுற்றிக் கடல் வழியாகவே அனுப்ப வேண்டும். அந்தக் கடலில் நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்கள் திரிந்துகொண்டிருந்தன. ஆகவே சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட்டுக்கு, காடும் மலையும் அறுத்து, 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் இருப்புப் பாதை போடுவதென்று ஜப்பானியர் தீர்மானித்தனர். பல ஆண்டு பிடிக்கும் என்று பொறியியலார் கருதிய வேலை அது. 1942-ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கி, 1943 அக்டோபர் 17-ஆம் நாள் இரு முனைகளும் இணைக்கப்பட்டன. அவ்வளவு விரைவில் அது முடிந்ததற்குக் காரணம் யந்திரங்கள் அல்ல. மண்வெட்டியும் கூடையும் உளியும் சம்மட்டியுமே பெரும்பாலும் கருவிகள். மற்றதெல்லாம் மனித உடல்.

அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் அங்கே உழைத்தனர். பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் ஆகியோர் அவர்கள். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலகம் அறிந்தது இந்த எண்ணிக்கையைத்தான். ஆனால் அதே பாதையில் ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 2 லட்சம் பேர் உழைத்தனர் என்பது பொதுவான மதிப்பீடு. பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், தமிழர் எனப் பலர். மலேயாவிலிருந்து சென்றவர்கள் மட்டும் ஏறத்தாழ 78,000 பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். தெலுங்கரும் மலையாளிகளும் அவர்களோடு இருந்தனர். மலேயாவிலிருந்து சென்றவருள் இறந்தோர் சுமார் 30,000 என்று போருக்குப் பிந்தைய கணக்கொன்று கூறுகிறது. அதைவிட மிகப் பெரிய தொகை கூறுவோரும் உளர். ஆசியத் தொழிலாளருள் மொத்தம் 90,000 பேர் மாண்டிருக்கலாம் என்பதே அடிக்கடி சொல்லப்படும் மதிப்பு. அந்தக் கணக்குகளில் "ஓடிப்போனவர்" என்று ஒரு கலம் உண்டு. பல்லாயிரம் பேர் அதிலே அடங்குவர். ஓடிப்போனவர் எங்கே போயிருப்பார்? வழி தெரியாத காடு, மொழி தெரியாத நாடு, கையில் காசில்லை, வயிற்றில் சோறில்லை, உடம்பில் மலேரியா. ஓடிப்போனவர் என்று எழுதிய குமாஸ்தாவுக்குக் கலத்தை நிரப்பவேண்டியிருந்தது, நிரப்பினார். குமாஸ்தா வேலையின் இயல்பை அறிந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

தோட்டத்துத் தமிழர் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்கள்? ரப்பரை வாங்குவார் இல்லாமையால் தோட்டங்கள் நின்றுவிட்டன. வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுவிட்டது. மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிடித்திருந்தவர்களிடம், மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி, அரிசிச் சோறு, குடும்பத்தோடும் வரலாம் என்று சொன்னார்கள். முதலில் சிலர் தாமாகவே போனார்கள். போனவர் திரும்பாதது கண்டு மற்றவர் தயங்கியபோது, ஒவ்வொரு தோட்டத்துக்கும் இத்தனை தலை என்று விதித்தார்கள். அதுவும் போதாதபோது இலவசச் சினிமா காட்டுகிறோம் என்று கூட்டி, கொட்டகைக் கதவை அடைத்து, வந்தவர்களை லாரியில் ஏற்றினார்கள். அங்கிருந்து கூரையும் சுவரும் இரும்பாலான சரக்குப் பெட்டிகளில் பல நாட் பயணம். பான்போங்கில் இறக்கியபின் முகாம்களுக்குக் கால்நடை. சிலர் நூறு மைலுக்கும் மேல் மழையில் நடந்தார்கள். கைக்குழந்தையோடு நடந்தவர்களும் உண்டு.

1943-ஆம் ஆண்டு மே மாதத்தில் பருவமழையோடு காலராவும் வந்தது. போர்க்கைதிகளின் முகாம்களிலும் காலரா புகுந்தது. ஆயினும் அங்கே ராணுவ வைத்தியர்கள் இருந்தனர், தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தனர், கட்டளைக்குக் கீழ்ப்படியும் பழக்கமும் இருந்தது. தொழிலாளர் முகாம்களில் இவற்றுள் ஒன்றும் இல்லை. மூங்கில் சட்டத்தில் அத்தாப்பு வேய்ந்த கொட்டகை, அதன் கீழ்ச் சேறு, அதனருகே ஆறு. எல்லாவற்றுக்கும் அந்த ஆற்று நீரே. போர்க்கைதிகளிலிருந்து வைத்தியர்களையும் உதவியாளரையும் பொறுக்கி, கே அணி என்றும் எல் அணி என்றும் இரு குழுக்களை 1943-இல் சிங்கப்பூரிலிருந்து கூலி முகாம்களுக்கு அனுப்பினார்கள். மருந்தில்லாத வைத்தியர் செய்யக்கூடியது எவ்வளவு? அதற்குள் பல முகாம்களில் பாதிக்கு மேல் போய்விட்டது.

இனி, மாண்டவர் இரு திறத்தாரையும் பின்னுலகம் எவ்வாறு நடத்திற்று என்பதைப் பார்ப்போம். காஞ்சனபுரி நகரின் நடுவில் போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்று உள்ளது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள். புல் ஒழுங்காக வெட்டப்பட்டு, ஒவ்வொரு தலைமாட்டிலும் ஒரு பூச்செடி வைத்து, ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் பொறித்திருக்கிறார்கள். பர்மியப் பக்கத்தில் தன்பியூசயாட்டிலும் அவ்வாறே. இதற்குக் காரணம் பிரிட்டிஷாரின் இரக்கம் மட்டும் அன்று. முகாமில் இருந்த அதிகாரிகள் உயிருக்குத் துணிந்து இரகசியமாகப் பட்டியல் வைத்திருந்தார்கள். இன்ன நாள், இன்னார், இன்ன இடத்தில் புதைக்கப்பட்டார் என்று துண்டுத் தாளிலும் மூங்கிற் குழாயிலும் மறைத்துக் காத்தார்கள். போர் முடிந்ததும் அப்பட்டியலைக் கொண்டு தோண்டி எடுத்து ஒன்றுசேர்த்தார்கள். நம்மவர்களுக்குப் பட்டியல் இல்லை. தோட்டத்திலிருந்து ஏற்றும்போது தலையை எண்ணினார்கள்; பெயரை எழுதவில்லை. எழுதிய இடங்களிலும் தாள் அழிந்தது. போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் அமைப்புக்குச் சிப்பாய்களே பொறுப்பு. கூலிகள் எந்த அரசாங்கத்துக்கும் பொறுப்பில்லை.

1990-ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே குழியில் கிடைத்தன. இருப்புப் பாதையோ போருக்குப் பின் விலை போயிற்று. பிரிட்டிஷார் அதைச் சயாம் அரசாங்கத்துக்கு விற்றனர். இன்று அதன் ஒரு பகுதியில் உல்லாசப் பயணிகளின் ரயில் ஓடுகிறது. 1957-இல் வந்த ஆங்கிலப் படமொன்று அங்குள்ள பாலத்தை உலகப் புகழ் பெறச் செய்தது. அது படமாக்கப்பட்டது இலங்கையில், கித்துல்கலை என்னும் ஊரில். தமிழ்த் தொழிலாளர் நிறைந்த தேயிலை நாட்டின் ஓரத்தில் எடுத்த அந்தப் படத்தில் தமிழ்த் தொழிலாளர் தேடினாலும் அகப்படுவதரிது.

மேற்கொண்டு போகுமுன் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். மொழிபெயர்ப்பே எனக்குச் சோறு போடும் தொழில். சொற்களில் சற்றே நிற்பதை நேயர்கள் பொறுத்தருள வேண்டும். இவர்களை இனப்படுகொலைக்கு ஆளானவர்கள் என்று சொல்லலாமா? அந்தச் சொல்லின் ஆங்கில மூலத்தை ஆக்கியவர் ரஃபேல் லெம்கின் என்னும் போலந்து நாட்டு யூத வழக்கறிஞர். இனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் கொலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையும் ஒட்டவைத்து, 1944-இல் தம் நூலொன்றில் அதை வழங்கினார். அவருடைய உறவினர் பலர் நாஜிகளால் மாண்டனர். 1948 டிசம்பர் 9-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இக்குற்றத்தைத் தடுப்பதற்கான உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா 1959-இல் அதை உறுதி செய்தது. அவ்வுடன்படிக்கையின் இலக்கணத்தில் ஆங்கிலத்தில் இரண்டே சிறு சொற்கள் ஒரு மூலையில் நிற்கின்றன. தமிழில் அவற்றை "அக்குழு என்பதற்காகவே" என்று பெயர்க்க வேண்டியிருக்கும். ஒரு குழுவை, அக்குழு என்பதற்காகவே, முற்றிலுமோ பகுதியோ அழிக்கும் கருத்து இருந்தாலன்றி அது இனப்படுகொலை ஆகாது. வழக்குகள் பெரும்பாலும் இந்த இரு சொற்களிலேதான் தட்டி நிற்கின்றன.

இந்த அளவுகோலால் அளந்தால் சயாம் பாதை அதில் அடங்கும் என்று என்னால் சொல்ல இயலவில்லை. தமிழரைத் தமிழர் என்பதற்காக ஜப்பானியர் கொல்லவில்லை. இவர்கள் இருந்தாலென்ன, இறந்தாலென்ன என்று விட்டார்கள், அடிமைபோல் ஓட்டினார்கள், ஒருவர் விழுந்தால் அந்த இடத்துக்கு மற்றொருவரைக் கொண்டுவந்தார்கள். இதற்குப் போர்க்குற்றம் என்றும், மானிட குலத்துக்கெதிரான குற்றம் என்றும் வேறு பெயர்கள் உண்டு. பெரிய சொல்லைக் கண்ட இடத்திலெல்லாம் பயன்படுத்தினால் அந்தச் சொல் தேய்ந்துபோகும். ஆயினும், பெயர் எதுவாயினும் குழியில் கிடக்கும் எலும்பு ஒன்றே. சட்டம் இன்ன பெயரைத் தரும்வரை காத்திருந்து நினைப்பது என்றால், பலரை நாம் நினைக்கவே முடியாது.

தலைமுறை கடந்து நினைப்பது எப்படி என்பதை, பெயர் குறித்து ஐயமே இல்லாத கொடுமைகளுக்கு ஆளானவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். சென்னையில் அரண்மனைக்காரத் தெருவென்று நாம் அழைக்கும் ஆர்மீனியன் தெருவை அறியாதார் இரார். ஆர்மீனியர் கட்டிய பழைய தேவாலயம் அங்கே உள்ளது. அம்மொழியின் முதற்பத்திரிகை 1794-இல் அச்சானதும் சென்னையிலேதான். அந்த இனத்தார் 1915-ஆம் ஆண்டு தொடங்கித் துருக்கிய ஒட்டோமான் ஆட்சியில் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டனர். சோவியத் ஆர்மீனியாவில் அதைப் பற்றி வாய்திறக்க இயலாதிருந்தது. சரியாக 50 ஆண்டு கழித்து, 1965 ஏப்ரல் 24-ஆம் நாள் யெரவான் நகரத் தெருக்களில் மக்கள் திரண்டனர். 1967-இல் நினைவுச்சின்னம் எழுந்தது. திரண்டவர்களில் பலர் இறந்தவரின் மக்களும் பேரர்களுமாவர். யூதர்கள் எருசலேமில் யாத் வஷேம் என்னும் நிலையத்தை 1953-இல் நிறுவி, மாண்ட 60 லட்சம் பேரில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் என்று உறவினரிடமும் அயலாரிடமும் கேட்டுக் கேட்டு எழுதி வருகின்றனர். ஏறத்தாழ 50 லட்சம் பெயர்கள் சேர்ந்துவிட்டன. எஞ்சிய பெயர்களை இன்னும் தேடுகின்றனர். எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடவில்லை என்பதே என் மனத்தைத் தொட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஓடும் ரயிலில் அடிக்கடி பயணம் செய்கிறோம். 1921-ஆம் ஆண்டு நவம்பரில் அதே பாதையில், திரூரிலிருந்து ஏறத்தாழ 100 கைதிகளைக் காற்றுப் புகாத சரக்குப் பெட்டி ஒன்றில் அடைத்துக் கோயம்புத்தூர்ப் பக்கம் கொண்டுவந்தார்கள். போத்தனூரில் கதவைத் திறந்தபோது 56 பேர் மூச்சடைத்து இறந்து கிடந்தனர். மொத்தம் 70 பேர் மாண்டனர் என்பது கணக்கு. பாலக்காட்டு நிலையத்தைத் தாண்டுகையில் அந்தப் பெட்டிக்குள் எத்தனை பேர் உயிரோடிருந்தனரோ என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும். மலபார்க் கிளர்ச்சியைப் பற்றி ஆயிரம் வாதங்கள் இருக்கலாம். ஆனால் திரூரில் நகராட்சி மண்டபம் அவர்கள் நினைவாக நிற்கிறது. மாண்டவர் பலரின் பெயரும் ஊரும் தொழிலும் பதிவாகியிருக்கின்றன. 70 பேருக்கு இருக்கும் பட்டியல், பல்லாயிரம் பேருக்கு இல்லை.

பாலக்காட்டைச் சொன்னதும் ஒருவர் நினைவு வருகிறது. தரூரில் பிறந்து, 1923-இல் மாத்ருபூமியைத் தொடங்கி நடத்திய கே. பி. கேசவ மேனன் அந்த யுத்த காலத்தில் சிங்கப்பூரில் வழக்கறிஞராக இருந்தார். இந்திய சுதந்திரச் சங்கத்தில் முன்னணியில் நின்றவர், ஜப்பானியரின் போக்கை ஒப்பாமல் விலகினார். 1944-இல் அவரைச் சிறையிலிட்டார்கள். போர் முடிந்து அவர் திரும்பி வந்தார், தம் அனுபவத்தை எழுதினார், நாமும் அறிந்தோம். எழுதத் தெரிந்தவன் கதை மிஞ்சுகிறது. சயாமுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் கைந்நாட்டுக்காரர்கள்.

அவர்களுக்காக எழுதியவர்கள் பின்னால் வந்தார்கள். மலேசியத் தமிழ் எழுத்தாளர்களில் ஆர். சண்முகம் 1993-இல் "சயாம் மரண ரயில்" என்ற நாவலையும், அ. ரெங்கசாமி 2005-இல் "நினைவுச்சின்னம்" என்ற நாவலையும் வெளியிட்டனர். பாதை முடிந்து 50 ஆண்டு, 60 ஆண்டு கழித்து! நடந்த உடனே எழுதியிருக்கலாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. தப்பி வந்தவர்கள் பேசவில்லை. பேசினால் தூக்கம் போய்விடும் என்று பயந்தார்கள். தோட்டத்தில் காத்திருந்த விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும் அடுத்த வேளைச் சோற்றைப் பார்க்கவேண்டியிருந்தது. கேட்டு எழுதும் ஓய்வு பேரன் காலத்தில்தான் கிடைக்கிறது. அப்போது கேட்பதற்கு ஆள் இல்லை.

மற்றொரு வியப்பான செய்தி. இந்தப் பாதையில் மாண்டவர்களுக்கு முதன்முதல் நினைவுச்சின்னம் எழுப்பியவர்கள் ஜப்பானியரே. 1944-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், காஞ்சனபுரிப் பாலத்தருகே ஜப்பானிய ரயில்வேப் படையினர் ஒரு தூணை நிறுவினர். அதன் பலகைகளில் பல மொழிகளில் அஞ்சலி வாசகம் உள்ளது. அவற்றுள் ஒன்று தமிழ். கொன்றவர்களே கல் நட்டு, இறந்தவர் மொழியிலேயே அஞ்சலி எழுதியிருக்கிறார்கள். அதைத் தமிழில் பெயர்த்தவர் யாராயிருப்பார் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. தோட்டத்துக் கிராணியா, முகாமில் கணக்கெழுதியவரா? சொல் தேடும்போது அவருடைய கை நடுங்கிற்றோ? அவரும் எனக்குத் தொழில் முன்னோரே. கொடுத்ததைப் பெயர்த்திருப்பார், ஒரு பெயரைக்கூடச் சேர்க்க அவருக்கு அதிகாரம் இருந்திராது.

கல் நடுவது நமக்குப் புதிதன்று. மறையூர்ப் பாறைகளில் முனியறை என்று வழங்கும் பலகைக்கல் ஈமச்சின்னங்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள். அங்கே துயின்றவர் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் மலையின் கிழக்கே இறங்கினால், தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் சில நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். 2,000 ஆண்டுக்கு மேற்பட்டவை. பழந்தமிழ் எழுத்துப் பொறித்தவை. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் மாண்ட தீயன் அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல். அந்தக் கூடலூர் கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூரே என்பர் அறிஞர். என் பாட்டனார் முன்பணத்தை மடியில் முடிந்துகொண்டு மலையேறிய அதே கூடலூர்! மாட்டுக்காக நடந்த சிறு சண்டையில் விழுந்த ஒருவன் பெயர் 2,000 ஆண்டு கழித்தும் படிக்கக் கிடைக்கிறது. அதே மண்ணிலிருந்து கப்பலேறி 80 ஆண்டுக்கு முன் மாண்டவன் பெயர் கிடைக்கவில்லை.

2023-ஆம் ஆண்டு மே மாதத்தில், மலேசியாவிலும் தாய்லாந்திலும் உள்ள தமிழர்களின் முயற்சியால், காஞ்சனபுரியில் ஒரு பௌத்தக் கோயில் வளாகத்தில், சயாம் பாதையில் மாண்ட தமிழர்க்கு நடுகல் ஒன்று நிறுவப்பட்டது. நடுகல் என்ற பழைய பெயரையே அதற்கு இட்டார்கள். போரில் பட்ட வீரனுக்கே நடுகல் என்பது இலக்கண வழக்கு. தொல்காப்பியமும் கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலை வகுத்தது மறவனை எண்ணித்தான். மண் சுமந்து, காலராவில் விழுந்த கூலிக்கு அதை நீட்டியதில் எனக்கு முழு உடன்பாடு. கூலி என்ற நம் சொல்லே கடல் கடந்து போய் ஆங்கிலத்தில் ஆளைக் குறிப்பதாயிற்று என்பார்கள். உழைப்புக்குரிய ஊதியத்தின் பெயர், ஊதியம் பெறாமல் செத்தவனுக்குப் பெயராயிற்று. அந்தப் பெயருக்குப் பதில் அவனுக்கு இப்போது ஒரு கல்லாவது கிடைத்தது.

கல் கிடைத்தது, பெயர்கள் இனித்தான் வர வேண்டும். அவை எந்த அலுவலகத்திலும் இல்லை. நான் எழுதிக் கேட்ட இடங்களிலிருந்தெல்லாம் அவ்வாறான பதிவு இல்லை என்றே விடை வந்தது. அவ்விடைகளைக் குறைகூறவும் மாட்டேன், உண்மையில் இல்லைதான். இருப்பது வண்டிப்பெரியாற்றிலும் மூணாற்றிலும் போடிமெட்டிலும் கொழிஞ்சாம்பாறையிலும் உள்ள வீடுகளில். தகரப் பெட்டியின் அடியில் ஒரு மணியார்டர் துண்டு, பினாங்கு முத்திரையோடு ஒரு அஞ்சலட்டை, ஸ்டூடியோவில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவரின் மங்கிய படம். படத்தின் பின்புறத்தில் யாராவது பெயர் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எழுதாவிட்டால், வீட்டில் மிக மூத்தவரிடம் இன்றே கேட்டு எழுதிவிடுங்கள். ஊர், தகப்பன் பெயர், போன ஆண்டு, தோட்டத்தின் பெயர், இந்த நான்கும் போதும்.

இதை உபதேசமாகச் சொல்லும் தகுதி எனக்கில்லை. சயாமுக்குப் போனவரின் பெயரை நான் கேட்க நினைத்தபோது பாட்டனார் போய்ப் பத்து ஆண்டு ஆகியிருந்தது. தந்தையாரைக் கேட்டேன். "சயாம் பெரியப்பா என்றுதான் எங்களுக்குத் தெரியும்" என்றார். காரணத்தையும் அவரே சொன்னார். பாட்டனாரின் தாயார், மூத்த மகன் இறந்தான் என்பதைக் கடைசிவரை ஒப்பவில்லையாம். ஒவ்வொரு இரவும் வாசலில் ஒரு பாயை விரித்துவைத்தாராம். பெயரைச் சொல்லி நீர் விட்டால் பெற்ற மகனைக் கொன்றதாகும் என்று தடுத்துவிட்டாராம். தாயின் சொல்லையும் மீறாமல், தமையனையும் விடாமல் இருக்கப் பாட்டனார் கண்ட வழிதான் அந்த நான்காவது கை நீர். தாயார் மறைந்த பின்னும் அவர் அதை மாற்றவில்லை. உயிரோடிருப்பான் என்ற நம்பிக்கையாலே ஒரு பெயர் எங்கள் வீட்டில் மறைந்துபோயிற்று.

சென்ற ஆண்டு, வேறொரு காரியமாக வீட்டுப் பத்திரங்களைத் தேடுகையில் பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று அகப்பட்டது. 1952-இல் எழுதியது. உத்தமபாளையத்துக் கிராமத்தில் இருந்த ஒரு குழி நிலத்தை இரண்டு பங்காக்கி, மூத்தவர் பங்கை அவர் மலாய் நாட்டிலிருந்து வரும் பட்சத்தில் ஒப்படைக்கும்படி தாயார் பெயரில் விட்டிருந்தார்கள். அந்த வாசகத்தில் அவருடைய முழுப்பெயர், தகப்பன் பெயரோடு இருந்தது. பத்திர எழுத்தர் எழுதிய கூட்டெழுத்தைப் படிக்க எனக்கு ஒரு நாழிகை ஆயிற்று. படித்து முடித்ததும் தந்தையாரிடம் உரக்கச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இந்தப் பேச்சில் அப்பெயரைச் சொல்லட்டுமா என்று அவரிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். வானொலியில் சொல்வதற்கு முன்னால் ஆற்றில் சொல்ல வேண்டும் என்றார். இந்தப் புரட்டாசி அமாவாசைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன.